புலி வீட்டுக் கல்யாணத்துக்கு வாங்கிய மெமரி கார்டு

ஒரு காட்டில் ஏகாம்பரம் என்றொரு தேவாங்கு, கல்யாண வீடுகளில் போட்டோ எடுத்துப் பிழைத்து வந்தது. கண் இரண்டும் பெரிசு, கை நடுங்காது, தொழிலில் குறை சொல்ல முடியாது. ஆனால் போன முகூர்த்தத்தில், கரடி வீட்டுக் கல்யாணத்தில், தாலி கட்டுகிற நேரம் பார்த்துக் கேமரா நின்றுவிட்டது. எடுத்த படங்களை எழுதி முடிக்க முடியாமல் மெமரி கார்டு திணற, சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. விளக்கு அணைந்தபோது மாப்பிள்ளை பந்தியில் உட்கார்ந்து அப்பளம் நொறுக்கிக்கொண்டிருந்தார். மிச்சப் படங்களாவது தேறும் என்று பார்த்தால், அவையும் திறக்கவில்லை. கரடி வந்து ஏகாம்பரம் குடியிருந்த விளாமரத்தைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கிவிட்டுப் போனது.

அடுத்த முகூர்த்தம் காட்டுத் தலைவர் புலியின் மகளுக்கு. அங்கே தப்பு நடந்தால் உலுக்கலோடு நிற்காது. ஏகாம்பரம் நேரே மரகதம் என்ற அணிலின் கடைக்குப் போனது.

"அக்கா, வேகமான கார்டா கொடுங்க. நடுவுல கழுத்தறுக்கக் கூடாது."

"மேல பெரிசா போட்டிருக்கிற நம்பரைப் பார்த்து மயங்காதே" என்றது மரகதம். "அது படத்தைத் திருப்பிப் படிக்கிற வேகம். உனக்கு வேண்டியது எழுதுற வேகம். ஓரத்துல 'வி'ன்னு போட்டுப் பக்கத்துல பொடிசா ஒரு நம்பர் இருக்கும், அதைப் பாரு."

"சந்தையில குரங்கு இதையே பாதி விலைக்குத் தருதே?"

"அதுல லேபிள் மட்டும்தான் அசல். பாதி நிறைஞ்சதும் பழைய படத்து மேலயே எழுத ஆரம்பிச்சிடும். பொண்ணு முகம் இருந்த இடத்துல சாம்பார் வாளி வந்து நிக்கும். உன் இஷ்டம்."

ஏகாம்பரம் மரகதத்திடமே இரண்டு கார்டு வாங்கியது. வாங்கியதோடு விடவில்லை. இலை, எறும்பு, மேகம் என்று கண்டதையெல்லாம் எடுத்து, இரண்டையும் நிரப்பி, ஒவ்வொரு படமாகத் திறந்து பார்த்தது. ஒன்றுகூடப் பழுதில்லை. அவற்றை அழித்துவிட்டு, எடுக்கிற படம் இரண்டு கார்டிலும் விழும்படி கேமராவில் இரண்டையும் சொருகிக்கொண்டு கல்யாணத்துக்குப் போனது.

கெட்டிமேளம் முழங்கியது. மாப்பிள்ளை தாலியை எடுத்தார். எல்லார் கண்ணும் அங்கே இருந்தபோது வெளியே அதிர்வேட்டு வெடித்தது. ஏகாம்பரம் பட்டனில் வைத்த விரலை எடுக்கவே இல்லை. கேமரா ஒரு தடவைகூடத் திணறவில்லை. தேவாங்குக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் காலை புலியே விளாமரத்தடிக்கு வந்தது. ஏகாம்பரம் பெருமையாகப் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டியது. தாலி கட்டுகிற படம் வந்தது. அதில் பின்னால், ஓரமாக, புலியும் தெரிந்தது. அதிர்வேட்டு வெடித்த நொடியில் எடுத்த படத்தில் புலியின் காது மடங்கியிருந்தது. அடுத்ததில் நாலு காலும் தரையில் இல்லை. அதற்கடுத்ததில் காட்டுத் தலைவர் சம்பந்தியம்மாளின் முதுகுக்குப் பின்னால் குந்தி, அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடியிருந்தார்.

புலி சுற்றுமுற்றும் பார்த்தது. பிறகு, "இதை யாரெல்லாம் பார்த்தாங்க?" என்றது.

"யாரும் பார்க்கலைங்க ஐயா. கேமராதான் பார்த்துச்சு."

"அழிச்சிடு தம்பி."

ஏகாம்பரம் உடனே அழித்தது. அத்தோடு வாயை மூடியிருக்கலாம். "நீங்க கவலையே படாதீங்க ஐயா, இன்னொரு கார்டுல அப்படியே பத்திரமா இருக்கு" என்றது.

"அதையும் அழி."

அழித்தது. "நல்ல கார்டுங்க இது. அழிச்சதைக்கூடத் திரும்ப எடுத்திடலாம்."

புலி கையை நீட்டியது. ஏகாம்பரம் இரண்டு கார்டுகளையும் கழற்றிக் கொடுத்தது. புலி ஒன்றை வாயில் போட்டு விழுங்கியது. இரண்டாவது பாதி வழியில் நின்றுவிட, புலிக்கு விழி பிதுங்கியது. ஏகாம்பரம் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, முதுகைத் தடவிவிட்டது. ஒருவழியாக அதுவும் இறங்கியது.

அந்த நேரம் பார்த்துப் புலியம்மாள் வந்து சேர்ந்தாள். "படம் வந்திடுச்சா?"

"எங்கே வர்றது? கார்டு கெட்டுப்போச்சாம்" என்றது புலி.

ஏகாம்பரத்துக்கு நெஞ்சு வலித்தது. இலை, எறும்பு, மேகம் எல்லாம் வைத்துச் சோதித்த கார்டு. சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தது. புலி அதையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆமாங்கம்மா" என்றது ஏகாம்பரம். "கெட்டுப்போச்சு."

"என் பொண்ணு கல்யாணத்துக்கு ஒரு படம்கூட இல்லையா? இவனை யார் வரச்சொன்னது?"

"கண்ணால பார்த்தோமே, அது போதாதா" என்றது புலி. "இனிமே நம்ம காட்டு விழா எல்லாத்துக்கும் இவன்தான் போட்டோ எடுப்பான். பொறுப்பான பையன்."

புலியம்மாள் தலையில் அடித்துக்கொண்டு போனாள். புலியும் எழுந்து நாலடி நடந்து, திரும்பி வந்து, தொண்டையைத் தடவியபடி ஏகாம்பரத்தின் காதோரம் குனிந்தது.

"அடுத்த தடவை இதைவிடச் சின்னதா பார்த்து வாங்கு தம்பி. ஓரமெல்லாம் குத்துது."

நீதி: மெமரி கார்டு வாங்கும்போது வேகத்தைப் பார், உழைப்பைப் பார், தலைவர் தொண்டையில் சிக்காமல் இறங்குமா என்பதை முதலில் பார்.