கட்டைவிரல் சாமி திரித்த கயிறு

வாடகை மண்டபத்தில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். அப்பா அம்மாக்கள் தங்கள் பதின்வயதுப் பிள்ளைகளைத் தரதரவென்று இழுத்து வந்திருந்தார்கள். பிள்ளைகள் எந்நேரமும் போனும் கையுமாக இருக்கிறார்களாம். பழக்கம் என்று சொல்ல யாருக்குத்தான் தெரியாது? கட்டைவிரலில் பேய் குடியேறிவிட்டது என்று கண்டுபிடிக்க ஒரு கட்டைவிரல் சாமி வேண்டியிருந்தது. சாமியின் மகிமையைப் பெற்றோர்கள் எப்படி அறிந்தார்கள்? எல்லாம் ராப்பகலாகப் போனில் வீடியோ பார்த்துத்தான்.

வைத்தியம் சுலபம். மந்திரித்த கறுப்புக் கயிற்றைப் பிள்ளையின் கட்டைவிரல் நுனியில் சாமி தடிமனாகச் சுற்றுவார். பிள்ளை அந்த விரலால் போன் திரையைத் தள்ளிப் பார்க்கும். திரை நகராது. "பேய் கட்டுப்பட்டுடுச்சு!" என்பார். கூட்டத்துக்குப் புல்லரிக்கும்.

பதினைந்து வயதுப் பெண் ஒருத்தியின் முறை வந்தது. மறுவாரம் ஓட்டப்பந்தய அணிக்குத் தேர்வு. அவளோ விடிய விடிய வீடியோ பார்த்துவிட்டு, காலைப் பயிற்சியில் தூங்கி வழிகிறாள். கயிறு சுற்றியதும் அவள் திரையும் அசையவில்லை.

"பொல்லாத பேய்மா. ஒரு மாசம் நம்ம முகாம்லயே விட்டுட்டுப் போங்க" என்றார் சாமி.

"அம்மா, ஓட்டத் தேர்வு போயிடும்மா!" அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"பேய் போனா போதும்டி" என்றாள் அம்மா. அப்பா அந்த நேரத்திலும் ஒரு பூனை வீடியோவில் மூழ்கியிருந்தார்.

பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சாமி, பேய் இல்லாத விரல்ல இந்தக் கயிறைக் கட்டினா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. திரை ஜம்முனு ஓடும்."

"அப்ப எங்கப்பாவுக்குக் கட்டுங்க."

கட்டினார். அப்பா தள்ளிப் பார்த்தார். பூனை திரையை விட்டு நகரவில்லை.

"இவருக்கும் பிடிச்சிருக்கு!" சாமிக்கு ஏக உற்சாகம்.

"அது எனக்கு எப்பவோ தெரியும்" என்றாள் அம்மா.

"இப்ப உங்க விரல்ல, சாமி."

"எனக்கெதுக்கும்மா?"

"கட்டித்தான் காட்டுங்களேன் சாமி!" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல், பக்தியோடுதான். வேறு வழியில்லாமல் சாமி விரலை நீட்ட, அவளே சுற்றிவிட்டாள். சாமி தம் போன் திரையைத் தள்ளினார். தேய்த்தார். குத்தினார். அது அசைந்து கொடுக்கவில்லை.

"ஒண்ணு, உங்களுக்கும் பேய் பிடிச்சிருக்கணும். இல்ல, விரல் தோல் படாததால தொட்டதே திரைக்குத் தெரியாம இருக்கணும். எது சாமி?"

மண்டபம் கொல்லென்று சிரித்தது. கயிற்றை அவிழ்க்கக்கூட நேரமில்லாமல் சாமி பின்வாசல் வழியே கம்பி நீட்டினார்.

வெளியே வந்ததும் அம்மா கேட்டாள், "அப்போ ராத்திரி பூரா போனை நோண்டுறது யாருடி?"

"நான்தாம்மா. நிறுத்தணும்னுதான் நினைக்கிறேன், முடியல. இன்னிலருந்து படுக்கும்போது நீ வாங்கி வச்சுக்கோ. அப்பாவோடதையும்."

அப்பாவின் முகம் தொங்கிப்போனது. அம்மா மகளின் தோளை அணைத்துக்கொண்டாள்.

அந்தப் பெண் போனுக்கு ஓய்வு கொடுக்கப் போகிறாள். பெரியவர்களே, நீங்கள் மூளைக்குக் கொடுத்திருக்கும் ஓய்வை எப்போது முடித்துக்கொள்வதாக உத்தேசம்?