நடுவில் நின்றால் குண்டு படாது

என் வீட்டில் ஒரு கலகம் செய்வது என்று முடிவெடுத்தேன்.

ஊரில் செய்து பார்த்தாயிற்று. ஊர் வரவில்லை. ஆலை வாசலில் நான் தொண்டை கிழியப் பேசியபோது பக்கத்தில் நின்று கொடி பிடித்தவன், இன்று கொடி கட்டிய காரில் போகிறான். என்னைக் கண்டால் கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறான். நான் மட்டும்தான் விலை போகவில்லை. யாரும் விலையே கேட்கவில்லை என்பாள் என் மனைவி. அது அவதூறு.

இலவசமாகக் கொடுத்தும் போகாத இன்னொன்று உண்டு. நான் எழுதிய துண்டறிக்கைகள். முன்னறையில் தரையிலிருந்து ஜன்னல் வரை கட்டுக் கட்டாக அடுக்கியிருக்கிறேன். ‘விழித்தெழு!’, ‘விழித்தெழு: கடைசி எச்சரிக்கை’, ‘இன்னுமா தூங்குகிறாய்?’ என்று மூன்று வகை. மக்கள் திடீரென்று விழித்துக்கொண்டால் அச்சகத்துக்கு ஓட நேரமிருக்காதே என்று பத்திரப்படுத்தியவை.

அந்த முன்னறைமீதுதான் என் மனைவி கண் வைத்தாள். அவள் பள்ளிச் சீருடை தைப்பவள். தையல் மெஷின் சமையலறை மூலையில் இருந்தது.

"ஏங்க, ஞாயித்துக்கிழமை ரெண்டாவது மெஷின் வருது. பழைய பேப்பர்காரரை வரச் சொல்லியிருக்கேன்."

"எதுக்கு?"

"முன்னறையைக் காலி பண்ணத்தான்."

"அங்க ஏது பழைய பேப்பர்?"

"தூங்குறவங்களை எழுப்புற பேப்பர் இருக்கே, அது."

"அது வரலாறு!"

"வரலாறு மேல பல்லி முட்டை வச்சிருக்கு."

இந்த இடத்தில்தான் என் ரத்தம் கொதித்தது.

என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய ஆயுதங்களின் காட்சிக்கூடத்தில் காவல். ஆயுதங்கள் ஒழிக என்று எழுதிய கைக்கு, ஆயுதங்களுக்குத் தூசி தட்டும் வேலை. கைத்தடிக்குள் ஒரு துப்பாக்கி. சாப்பாட்டு மேசைக் கத்தியின் பிடிக்குள் ஒரு துப்பாக்கி. அதிகாரவர்க்கம் நிம்மதியாக நடந்ததும் இல்லை, நிம்மதியாகச் சாப்பிட்டதும் இல்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அங்கே எனக்கு மிகவும் நெருக்கமானது வாத்துக்கால் துப்பாக்கி. ஒரு கைப்பிடி, ஒரு விசை, வாத்தின் விரல்களைப் போல விரிந்த நான்கு குழல்கள். மாலுமிகள் கலகம் செய்தால் கப்பல் தலைவன் ஒற்றை ஆளாக நின்று மிரட்டுவதற்காம். பலகையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. விசையை ஒருமுறை இழுத்தால் நான்கு திசைக்கும் குண்டு பாயும்.

பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொண்டேன். இது என் மனைவி.

"எங்க போனீங்க, ஏன் லேட்டு, பால் எங்க, செருப்பை யாரு உள்ள விடச் சொன்னா?" இவ்வளவும் ஒரே மூச்சில் வரும். எதற்குப் பதில் சொல்வது என்று யோசிப்பதற்குள் நான்கும் பட்டுவிடும்.

பேப்பர்காரர் மிரட்டல் வந்த மறுநாள், கண்ணாடிப் பெட்டியைத் துடைக்கும்போது அந்தத் துப்பாக்கியை நேருக்கு நேர் பார்த்தேன். கை நின்றுவிட்டது. இரண்டு குழல் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. இரண்டு வலப்பக்கம். நேர் நடுவில் எதுவும் இல்லை! ஓரத்தில் பம்முகிறவனுக்குத்தான் குண்டு. துணிந்து நடுவில் நிற்பவனுக்கு ஒரு கீறலும் விழாது. இத்தனை காலம் மேடையில் நான் சொன்னது இதைத்தான். ஒரு துப்பாக்கிக்குப் புரிந்தது, ஊருக்குப் புரியவில்லை.

ஆக, எனக்கு ஓரத்தில் நிற்க ஆட்கள் வேண்டும். ஐக்கிய முன்னணி கட்டினேன்.

முதலில் மச்சான். என் மனைவியின் தம்பி. பஸ் ஓட்டுநர். எங்களோடுதான் இருக்கிறான்.

"மாமா, அக்கா முன்னாடி என்னால வாயே திறக்க முடியாது."

"திறக்க வேண்டாம். இடது பக்கம் நில்லு, போதும்."

"நீங்க எங்க நிப்பீங்க?"

"நடுவில."

"நடுவிலயா? ஐயோ மாமா!"

அவன் கண் கலங்கிவிட்டது. என்னைத் தியாகி என்று நினைத்துவிட்டான். நான் திருத்தவில்லை.

அடுத்து மாமியார். ரேடியோவை இஷ்டத்துக்குச் சத்தமாக வைத்துக்கொள்ளும் உரிமையை வாங்கித் தருவதாக வாக்களித்தேன்.

"மாப்ளே, அவ என் வயித்துல பொறந்தவதான். ஆனா அவ கண்ணாடியைக் கழட்டிட்டுப் பார்த்தா எனக்கே நடுங்குது."

"நீங்க வலது பக்கம் நில்லுங்க அத்தை. மத்ததை நான் பார்த்துக்கறேன்."

அன்று மாலையே சமையலறைக்குள் அணிவகுத்தோம். கோரிக்கையை வாசித்தேன். முன்னறை பொதுச்சொத்து, துண்டறிக்கைகள் அசையாச் சொத்து, பேப்பர்காரர் அந்நியத் தலையீடு. குரல் நன்றாகவே எழும்பியது.

மெஷின் நின்றது. என் மனைவி கண்ணாடியைக் கழற்றினாள்.

"ஏண்டா, பால்கனி தொட்டியில சிகரெட் துண்டா முளைக்குதே, நீ போட்ட விதையா? டூட்டிக்கு நேரமாகலையா? அம்மா, உன் தலகாணிக்கு அடியில மிட்டாய் டப்பா எப்படி வந்துச்சு? டாக்டர்கிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

இடது பக்கம் இரண்டு. வலது பக்கம் இரண்டு. மச்சான் பஸ்ஸைப் பிடிக்க ஓடினான். அந்தப் பஸ்ஸை ஓட்ட வேண்டியவனே அவன்தான். மாமியாருக்கு முழங்கால் வலி ஞாபகம் வந்து கட்டிலுக்குப் போய்விட்டார்.

நான் நின்றேன். ஒரு கீறல் இல்லை. தத்துவம் வென்றது! நெஞ்சை நிமிர்த்தினேன்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. காட்சிக்கூடத்தில் வாத்துக்காலுக்கு அடுத்த பெட்டியில் வேறொரு கைத்துப்பாக்கி உண்டு. ஒன்பது குண்டுகள் போடும் சுழல் துப்பாக்கி. அந்தச் சுழலுக்கு அச்சாக இருப்பதே இன்னொரு தடித்த குழல். அதற்குள் போவது சாதாரணக் குண்டு அல்ல. வேட்டைத் துப்பாக்கியில் போடும் சிதறுகுண்டு, ஒரு பிடி. குண்டைத் தட்டி வெடிக்கவைக்கும் சுத்தியலின் நுனியில் இருக்கும் சின்ன நெம்புகோலை விரலால் தள்ளிவிட்டால் போதும். ஒன்பதும் தீர்ந்தது, இனி நம் காலம் என்று எதிராளி நிமிரும்போது நடுக்குழல் வெடிக்கும். தினமும் அதற்குத் தூசி தட்டியிருக்கிறேன். அதுவரை அதன் பலகையைப் படித்ததில்லை.

என் மனைவி அந்த நெம்புகோலைத் தள்ளினாள்.

"நீங்க சொல்றது நியாயம்தாங்க."

தடியடி வாங்கியிருக்கிறேன். முதலாளி வீட்டு நாய் என் வேட்டியைக் கிழித்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் என்னிடம் முழக்கம் உண்டு. ஆனால் என் கோரிக்கையை நியாயம் என்று எந்த எதிரியும் சொன்னதில்லை.

"நியாயம்தானா?"

"நியாயம்தான். எடைக்குப் போட வேண்டாம். பேப்பர்காரரை வரவேணாம்னு சொல்லிடறேன்."

"அப்போ... மெஷின்?"

"அதை விடுங்க, எங்கயாவது போட்டுக்கலாம். எனக்கு ஒரே வருத்தம்தான். இவ்வளவு நல்ல எழுத்து, இப்படி அடைஞ்சு கிடந்தா யாருங்க படிப்பாங்க?"

"அதான் நானும் கேக்கறேன்!"

"இந்த வாரம் முழுக்கப் பிள்ளைங்களோட அப்பா அம்மா சட்டை வாங்க வருவாங்க. சட்டைக்கு ஒண்ணுன்னு உள்ள மடிச்சு வச்சா, வீட்டுக்கு வீடு போய்ச் சேராது?"

என் தலைக்குள் ஊர்வலம் கிளம்பிவிட்டது.

"ஒண்ணு எப்படிப் போதும்? மூணையும் வரிசையா படிச்சாத்தான் விளங்கும்."

"மூணா? அவ்வளவு செலவாகுமேங்க, உங்களுக்குத் தீர்ந்துடாது?"

"தீரட்டும்! மேல சுத்துறதுக்கும் அதையே எடு. பட்டன் மடிச்சுக் குடுக்கறியே, அதுக்கும் அதையே எடு!"

"உங்க இஷ்டம்" என்றாள், தலையைக் குனிந்துகொண்டு. அவள் தோற்று நான் பார்ப்பது அதுவே முதல் தடவை. கொஞ்சம் இரக்கம்கூட வந்தது.

காட்சிக்கூடத்துக்கு லீவு போட்டேன். முன்னறையில் சம்மணமிட்டு உட்கார்ந்து கட்டுகளைப் பிரித்தேன், தட்டினேன், மடித்தேன். சட்டைக்கு மூன்று என்ற என் கொள்கையில் அவள் கஞ்சத்தனம் காட்டியபோது அதட்டி நான்காக்கினேன். பெரிய சட்டைகளுக்கு ஆறு. வாசலில் ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். என் எழுத்துக்கு வரிசை! கடைசிக் கட்டு தீர்ந்தபோது, இன்னும் அச்சடித்து வைக்காமல் போனோமே என்று வருந்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை மெஷின் வந்தது. தூக்கி வந்தவர் வாசலில் நின்று, "எங்கம்மா வைக்கணும்?" என்றார்.

அவள் முன்னறைக் கதவைத் திறந்தாள். அறை கழுவித் துடைத்து, பளபளவென்று, ஒரு காகிதம் இல்லாமல் கிடந்தது. பல்லிகூட வெளிநடப்புச் செய்திருந்தது.

"ஏங்க, அந்தப் பக்கம் கொஞ்சம் பிடிங்க. கனமா இருக்கு."

பிடித்தேன். சுவரோரம் நேராக இருக்கிறதா என்று பார்த்து நகர்த்தி வைத்ததும் நான்தான்.

போகட்டும். அறை போனால் என்ன? எழுத்து ஊருக்குள் போய்விட்டதே. அந்த நினைப்பில்தான் மறுநாள் காலை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். சட்டை வாங்கிப்போன ஒரு தகப்பன் என்னைப் பார்த்ததும் சைக்கிளை நிறுத்தி இறங்கினார்.

"ஐயா, சட்டைக்குள்ள பேப்பர் வச்சது நீங்கதானா?"

எழுந்து நின்றேன். "நான்தான். படிச்சீங்களா?"

"நல்ல மொத்தமான பேப்பருங்க, சட்டை கசங்கவே இல்லை, அடுத்த தடவை கால்சட்டைக்கும் வைங்க."