சுக்குக்கும் மிளகுக்கும் பஞ்சாயத்து

இரண்டு பேர் சண்டை போட்டுக்கொள்ளும் இடத்துக்கு மூன்றாவதாக ஒருவர் வருவார், கவனித்திருக்கிறீர்களா? யாரும் அவரைக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். பிளாஸ்டிக் நாற்காலியைத் தாமே தூக்கிக்கொண்டு வந்து, இருவருக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்து, "மொதல்ல ரெண்டு பேரும் டீ சாப்புடுங்க" என்பார். டீ அவர் வீட்டிலிருந்து வராது. சமாதானம் செய்துவைப்பதற்கென்றே பிறவி எடுத்த இந்த இனத்தில் தெருவுக்கு ஒருவராவது இருப்பார்.

வேங்கிக்காலில் எங்கள் தெருவுக்கு வாய்த்தவர் கோதண்டராமன். சர்க்கார் ஆபீசில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இனி கண்காணிக்கக் கோப்புகள் இல்லை என்றதும் மனிதர்களை எடுத்துக்கொண்டார். அவருடைய முறை எளிமையானது. சண்டைக்காரர்களை நேருக்கு நேர் உட்காரவைப்பார். "நான் யார் பக்கமும் கெடையாதுங்க" என்பார். அடுத்த மூச்சிலேயே, "தப்பு யார் மேலன்னு மட்டும் பேசி முடிச்சிடுவோம்" என்பார். கடைசியில் இரண்டு கைகளையும் பிடித்து இழுத்து ஒன்றாகச் சேர்த்து, "கை குடுங்க, அவ்ளோதான்" என்பார். அவ்வளவுதானா? கோதண்டராமனின் பக்கத்து வீட்டுப் பலராமனுக்கும் அதற்கு அடுத்த வீட்டுச் சக்திவேலுக்கும் மதில் மேல் சாய்ந்த முருங்கைக்கிளை ஒன்றால் லேசான மனத்தாங்கல் இருந்தது. இவர் கைகொடுக்க வைத்த அன்றோடு இருவரும் பேசிக்கொள்வதை நிறுத்திவிட்டார்கள்.

இதையெல்லாம் அவர் தோல்வியாகக் கருதியதில்லை. இந்த இனம் கருதாது. 

அவர் வீட்டில் சுக்கு, மிளகு என்று இரண்டு பூனைகள். அடி அண்ணாமலை அருகே கிரிவலப் பாதையோரம் அட்டைப்பெட்டியில் கண்திறக்காத குட்டிகளாகக் கிடந்தவற்றை அவர் மனைவி திரௌபதி முந்தானையில் போட்டுக்கொண்டு வந்து, சொட்டு சொட்டாகப் பால் ஊட்டி வளர்த்தார். ஒன்றின் வயிற்றில் மற்றொன்று தலை வைத்துத்தான் தூங்கும். "பாத்தியா, இதுங்களுக்கு இருக்கிற ஒத்துமை நம்ம தெருவுல இல்ல" என்று கோதண்டராமன் போகிற வருகிறவர்களிடம் பெருமையடிப்பார்.

ஒருநாள் சுக்குக்குக் காலில் சீழ்க்கட்டி வந்து, கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய்க் கட்டுப்போட்டுத் திரும்பினார்கள். கூடையைத் திறந்ததுதான் தாமதம், மிளகு முதுகு மயிரைச் சிலிர்த்துக்கொண்டு பாய்ந்தது. வீடே அலறியது. சுக்கு நொண்டிக்கொண்டே ஓடிக் கட்டிலுக்கு அடியில் ஒடுங்கியது.

நம்மவருக்கு உடனே காரணம் புரிந்துவிட்டது. இவர்களுக்கு எதுவும் உடனே புரிந்துவிடும். 

"கண்ணு பட்டிருக்குது திரௌபதி. போறவன் வர்றவன்கிட்டல்லாம் இதுங்க ஒத்துமையச் சொல்லாதன்னு சொன்னேன் இல்ல?"

"சொன்னது நீங்கதாங்க."

தூபக்காலில் நெருப்பு அள்ளிப் போட்டுச் சாம்பிராணி தூவி, சுக்கைத் தூக்கிப் புகைகாட்டி, நெற்றியில் விபூதி பூசி, அப்படியே கொண்டுபோய் மிளகின் முகத்துக்கு நேரே நீட்டினார். திரௌபதி மிளகைப் பிடித்துக்கொண்டார். "நடந்தது நடந்துபோச்சு. ஒரு வயித்துல பொறந்தவங்க நீங்க. கை குடுங்க." கை கொடுத்தார்கள். ஒரு கை அவருடைய முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கோடு போட்டது. இன்னொரு கை திரைச்சீலையைக் கிழித்தது.

மறுநாள் சமபந்தி. ஒரே தட்டில் நெத்திலி மீன். அதற்கு முன்பும் சாம்பிராணி உண்டு, சுக்குக்கு மட்டும், ஏனென்றால் கண் பட்டது அதற்குத்தான். தட்டு பறந்தது, மீன் பறந்தது, சுக்கு பரணில் ஏறிக்கொண்டு இறங்க மறுத்தது. அதற்கடுத்த நாள் புகையை ஜாஸ்தியாக்கினார். சண்டையும் ஜாஸ்தியானது. புகை கம்மியாகிவிட்டதோ என்று சந்தேகப்பட்டு இன்னும் ஒரு பிடி தூவினார். 

விஷயம் விளையாட்டாக இல்லை. சுக்கு சாப்பிடுவதை நிறுத்திவிட்டது. டிவியில் செய்தி ஓடும்போதெல்லாம் அவர் தொப்பைமேல் படுத்துக்கிடக்கும் அந்தப் பூனை இப்போது அவர் காலடிச் சத்தம் கேட்டாலே பரணின் மூலைக்குப் போயிற்று. அது அவருக்கு வலித்தது. வலித்தால் இந்த இனத்தார் என்ன செய்வார்கள்? தீர்ப்புச் சொல்வார்கள். 

"தப்பு மிளகு மேலதான். கீழ்பென்னாத்தூர்ல உன் தங்கச்சி வீட்டுல விட்டுடலாம்."

திரௌபதி அழுதுவிட்டார். ஆனால் அன்றைக்குப் பௌர்ணமி. ஊருக்குள் கூட்டம் நெரிந்தது. நிறுத்திய ஆட்டோக்காரர் ஒவ்வொருவரும் பூனைக்கூடையைப் பார்த்துவிட்டு, "கிரிவலம் டைம்ல பூனைய ஏத்துறதா?" என்று கிளம்பிப் போனார்கள். அவர் தெருமுனையில் கூடையும் கையுமாக நின்ற நேரத்தில், வீட்டில் திரௌபதி, சுக்குக்குக் கட்டுப்போட்ட மருத்துவர் எழிலரசிக்குப் போன் போட்டார். வியர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தவரிடம், போனின் சத்தத்தைக் கூட்டி அப்படியே நீட்டினார்.

"சார், ஆஸ்பத்திரி மருந்து வாசனையோட வந்த பூனைய மத்தது யாரோ புது ஆளுன்னு நெனைக்கும். பூனைக்கு மூஞ்சி முக்கியமில்ல, வாசனைதான். அந்த மருந்து வாசனை போற வரைக்கும் தனியா வெச்சிருந்தாப் போதும். வந்தப்புறம் வேற எதாவது தடவினீங்களா?"

கோதண்டராமன் தூபக்காலைப் பார்த்தார். திரௌபதி கோதண்டராமனைப் பார்த்தார். சுக்கின் மேலிருந்த அந்நிய வாசனை மறையவிடாமல் தினமும் புதுப்பித்துக்கொண்டிருந்தது யார் என்று அந்த அறையில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"இப்ப என்னம்மா செய்யணும்?"

"ரெண்டையும் வேற வேற ரூம்ல வைங்க. ஒண்ணை ஒண்ணு பாக்கவே வேணாம். இது படுத்த துணிய அதுகிட்ட போடுங்க, அது படுத்தத இதுகிட்ட. மூடின கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு. பயமில்லாம சாப்பிட்டா கொஞ்சம் கொஞ்சமா திறங்க."

"நான் என்ன செய்யணும்?"

"நீங்க ஒண்ணும் செய்யாதீங்க சார்."

வாழ்க்கையில் அவருக்கு யாரும் கொடுத்திராத வேலை அது. மூடிய கதவின் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று, நடுவில் இவர், வாய்க்குள்ளேயே ஆயிரம் சமாதான வார்த்தைகள். "ஒரு நிமிஷம் மூஞ்சிய மட்டும் பாத்துக்கட்டுமே" என்று தாழ்ப்பாளில் கை வைத்தபோது சமையலறையிலிருந்து குரல் வந்தது. "தொறந்தீங்கன்னா உங்கள கீழ்பென்னாத்தூருக்கு அனுப்பிடுவேன்." கையை எடுத்துக்கொண்டார். கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. ஆபீஸ் முழுக்கத் தன் பேச்சைக் கேட்க வைத்த ஆள், கதவைத் திறக்க மனைவியிடம் அனுமதி கேட்கிறோமே என்று.

தெருப்பக்கம் போகவே நேரமில்லை. துணி மாற்றுவதும் தட்டு வைப்பதுமாக நாட்கள் ஓடின. தட்டுகள் கதவை நெருங்கின. கதவு ஒரு விரல் திறந்தது, பிறகு ஒரு சாண். ஒரு காலையில் மிளகு அந்த இடுக்கில் தலையை நீட்டி, சுக்கை மோந்து, ஒரு தும்மல் தும்மிவிட்டு, அதன் காதை நக்கத் தொடங்கியது. சுக்கு கண்ணை மூடிக்கொண்டது. கோதண்டராமனுக்குக் கண் கலங்கியது. "கை குடுங்க" என்று தொண்டை வரை வந்ததை அப்படியே விழுங்கினார்.

யாரிடமாவது சொல்லியாக வேண்டுமே என்று ஜன்னலைத் திறந்தார். பக்கத்து மதிலின் இந்தப் பக்கம் பலராமன், அந்தப் பக்கம் சக்திவேல். ஒருவர் முருங்கைக்காய் பறித்துக் கொடுக்க, மற்றவர் வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தார். பேச்சும் சிரிப்புமாக.

"இவங்க எப்ப ராசியானாங்க?" என்றார் கோதண்டராமன், அதிர்ச்சியோடு.

"நீங்க பூனை ரூமுக்குப் போனப்பவே" என்றார் திரௌபதி.

அவர் நாற்காலியை மடக்க முடியாததால் மொட்டைமாடியில் கவிழ்த்துப் போட்டுவிட்டு வந்தார். இப்போது சுக்கு அவர் தொப்பைமேல், மிளகு சுக்கின் மேல். 

சரி, கோதண்டராமன் கதை முடிந்தது. நீங்கள் சிரித்தீர்கள். சிரித்துக்கொண்டே, உங்கள் மச்சினரும் அவர் தம்பியும் பேசாமல் இருப்பது நினைவுக்கு வந்து, இதை அவர்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பிவைத்தால் என்ன என்று செல்போனைத் தேடினீர்கள், இல்லையா? நானும் அப்படி ஏதோ ஒரு நல்லெண்ணத்தில்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன். போனைக் கீழே வையுங்கள். சாம்பிராணி வாசனை இங்கே வரைக்கும் வருகிறது.