சமுத்ரகேதுவுக்கு ஓய்வு உத்தரவு

1983-ம் வருஷம் பிப்ரவரி மாதம், ஐ.என்.எஸ். சமுத்ரகேது என்ற போர்க்கப்பல் இனிப் போருக்கு லாயக்கில்லை என்று அரசாங்கம் கண்டுபிடித்தது. கப்பலுக்கு அது எட்டு வருஷமாகவே தெரியும். பம்பாய்த் துறைமுகத்தில் கட்டிப்போட்ட மூலையைவிட்டு அது நகரவேயில்லை.

அதை உடைக்க உத்தரவு தர வேண்டியது, கடல்வாசனையே இல்லாத தில்லியில், ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்த கழிவுக் கலங்கள் பிரிவு. அங்கே அப்பர் டிவிஷன் கிளார்க்காக இருந்தவர் பட்டாபி. கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸ்வாசி. பதினாறு வருஷ சர்வீஸில் பதினொரு கப்பல்களை உடைத்திருக்கிறார். கடலை இரண்டு தடவை பார்த்திருக்கிறார், இரண்டும் மெரினாவில்.

ஒரு நாள் காலை அவர் மேஜைக்கு முன்னால் வெள்ளைச் சீருடையில் ஒருவர் குளிரில் விறைத்துப்போய் நின்றார்.

"அழகர்சாமி. நேவியில பெட்டி ஆபீசர். சொந்த ஊர் பரமக்குடி. சமுத்ரகேதுல கடைசி ஆளு நான்தான் சார்."

மற்றவர்களை எல்லாம் வேறு கப்பல்களுக்கு அனுப்பிவிட்டு, இவரைக் காவலுக்கு வைத்துவிட்டார்கள். இரண்டு வருஷம் முன்பே ஓய்வு பெற்றிருக்க வேண்டியவர். ஆனால் அரசாங்கப் பொருளைப் பொறுப்பில் வைத்திருப்பவர், அதை ஒப்படைத்து ரசீது வாங்கும்வரை ஓய்வு பெற முடியாது என்பது விதி. கப்பலை வாங்கிக்கொள்ள ஆளில்லை. ஊரில் அவர் மனைவி தங்கம், வருகிற தேதியைக் கேட்டு எழுதுவதையே நிறுத்திவிட்டாள்.

"உடைக்கணும்னா குஜராத் கரைக்குப் போகணும்" என்றார் பட்டாபி. "கடல்ல போகணும்னா, கப்பல் நன்னா இருக்குன்னு சர்ட்டிபிகேட் வேணும்."

"நல்லா இருந்தா எதுக்கு சார் உடைக்கிறோம்?"

"அதான் சிக்கல். சர்ட்டிபிகேட் இருந்தா உடைக்க முடியாது. இல்லேன்னா போக முடியாது."

"இழுவைப் படகு வச்சு இழுத்துட்டுப் போயிரலாமே சார்."

"அதையும் எழுதிப் பார்த்தாச்சு. இழுக்கப்படுவது கப்பலா சரக்கான்னு கேட்டிருக்கா. கப்பல்னா அதுக்குக் கேப்டன் வேணும். சரக்குன்னா சாக்குத் துணியில சுத்தி விலாசம் எழுதணும்."

அழகர்சாமி சற்று யோசித்தார். "எவ்வளவு சாக்கு சார் வேணும்?" என்றார். அவர் கேலி செய்யவில்லை.

பிரிவு அதிகாரி கஸ்தூரிரங்கன் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு ஓய்வுபெற ஒரு வருஷம் இருந்தது. "ஓய் பட்டாபி, கப்பல் பழசுன்னு நாம நம்பறதுக்கு என்ன ஆதாரம்? கப்பல்லேருந்து ஒரு மாதிரி வரவழையும். பார்வைக்கு" என்றார்.

இரண்டு வாரத்தில் அழகர்சாமி ஒரு வட்ட ஜன்னலைக் கழற்றி, மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்தார். பித்தளைச் சட்டம், கனத்த கண்ணாடி. கோப்போடு அது மூன்றாம் மாடிக்குப் போயிற்று. அங்கிருந்து மேலதிகாரி அதை மேல் ஆய்வுக்காக, அதிகாரிகள் குடியிருந்த மோதி பாக்கில் தம் வீட்டுக்கு எடுத்துப்போனார். அவர் மனைவி விஜயலக்ஷ்மி அதற்கு ரசம் பூசிய கண்ணாடி போட்டு ஹாலில் மாட்டினாள்.

மோதி பாக்கில் அதன் பிறகு யாருக்கும் சாதாரணக் கண்ணாடியில் முகம் பார்க்கப் பிடிக்கவில்லை. கப்பல் விளக்கு இல்லாத வராந்தா ஒரு வராந்தாவா என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். ஒருவர் கப்பலின் சுக்கான் சக்கரத்தைப் படுக்கவைத்து, மேலே கண்ணாடிப் பலகை போட்டு டீப்பாய் ஆக்கினார். விருந்தாளிகள் அதைச் சுற்றி உட்கார்ந்து பக்கோடா சாப்பிட்டார்கள்.

ஒவ்வொரு மாதிரிக்கும் கோப்பு ஒரு மேஜை நகர்ந்தது. அழகர்சாமி அதைப் புரிந்துகொண்டார். சீக்கிரம் வீடு போக வேண்டுமானால் சீக்கிரம் கழற்ற வேண்டும். மணியைக் கழற்றின அன்றைக்கு மட்டும் அவர் சாப்பிடவில்லை. பதினெட்டு வருஷம் தினமும் காலையில் அவர் கையால் துலக்கிய மணி.

ஏப்ரலில் பட்டாபியின் மனைவி ஜலஜா கேட்டாள்: "ஏன்னா, எல்லார் ஆத்துலயும் கப்பல் இருக்கு. கோப்பு எழுதறவர் ஆத்துல ஒரு ஆணிகூட இல்லியே."

பட்டாபிக்கு இரண்டு நாள் மனசு கேட்கவில்லை. மூன்றாம் நாள், மாதிரி கொண்டுவந்த அழகர்சாமியிடம் கேட்டுவிட்டார். அழகர்சாமி அடுத்த தடவை மேல்தளத்துத் தேக்குப் பலகை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். இஸ்திரி போட அருமையாக இருந்தது.

மே மாதம் மேல்வரிசை ஜன்னல்கள் தீர்ந்துபோயின. கேட்டவர்கள் தீரவில்லை. "கீழ்வரிசை ஜன்னலை எடுத்தால் தண்ணீர் ஏறும்" என்று அழகர்சாமி எழுத்து மூலம் தெரிவித்தார். "ஜன்னல் என்பது காற்றுக்காக ஏற்பட்டது, தண்ணீருக்காக அல்ல. உத்தரவை நிறைவேற்றவும்" என்று பதில் போயிற்று. பதிலை வரைந்தவர் பட்டாபி. வாக்கியம் நன்றாக அமைந்திருப்பதாகக் கஸ்தூரிரங்கன் பாராட்டினார்.

ஜூலையில் தந்தி வந்தது. "கப்பல் மூழ்கிவிட்டது. மேற்கொண்டு உத்தரவு வேண்டும்."

பிரிவு கூடி ஆலோசித்தது. நீருக்கடியில் இருக்கும் கலம் தமக்குச் சேராது என்று முடிவு செய்து, கோப்பை நீர்மூழ்கிப் பிரிவுக்கு அனுப்பினார்கள். "இது மறுபடி எப்போது மேலே வரும்?" என்று கேட்டு அவர்கள் திருப்பி அனுப்பினார்கள்.

அதற்குள் யாரோ மொட்டைக் கடிதம் போட்டு, விசாரணைக் குழு ஒன்று வந்துவிட்டது. மாதிரிகள் எங்கே என்று குழு கேட்டது. எடுத்துப்போனோம் என்று எழுதினால் திருட்டு. எல்லாரும் ஒரே வாசகத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்: "மேற்படி கப்பல் பாகம் அரசாங்க நலனை முன்னிட்டு எனது இல்லத்தில், எனது பொறுப்பில் உள்ளது."

குழு திருப்தி அடைந்தது. கப்பலில் எடுக்கக்கூடியதெல்லாம் தில்லியில் இருப்பதால், கப்பல் தில்லியில் இருப்பதாகவே கருதப்படும் என்று எழுதிவிட்டுப் போயிற்று. கப்பலுக்குக் காவல் இருந்தவரும் தில்லிக்கு மாற்றப்பட்டார்.

அழகர்சாமி தினமும் பஸ் பிடித்து வீடு வீடாகப் போனார். கதவைத் தட்டி, பித்தளையைத் துலக்கி, நோட்டில் 'சரி' என்று குறித்துக்கொண்டார். ஜலஜா காபி கொடுத்தால் வாங்கிக்கொள்வார். பலகைமேல் துணி கிடந்தால் மெதுவாக எடுத்துவிட்டுத் தடவிப் பார்ப்பார். பட்டாபி அந்த நேரத்தில் கொல்லைப்பக்கம் போய்விடுவார்.

பிப்ரவரியில் கஸ்தூரிரங்கனின் ஓய்வுக் கடிதம் திரும்பி வந்தது. வாசற்கால் ஓரத்தில் அவர் மாட்டியிருந்த கப்பல் மணி, அவரே எழுதிக்கொடுத்தபடி, அவர் பொறுப்பில் இருந்த அரசாங்கப் பொருள். ஒப்படைத்து ரசீது வாங்காமல் ஓய்வு கிடையாது. அடுத்தது மூன்றாம் மாடி அதிகாரி. அவருக்கு ஜெனீவா போக வந்த உத்தரவு நின்றுபோயிற்று.

"என்னய்யா இது அநியாயம்" என்றார் கஸ்தூரிரங்கன்.

"ஆமா சார்" என்றார் அழகர்சாமி. "மூணு வருஷமாச்சு."

அன்றைக்கே, மதிய உணவுக்கும் மாலை டீக்கும் நடுவில், சமுத்ரகேதுவை உடைக்க உத்தரவு கையெழுத்தாயிற்று. சர்ட்டிபிகேட் பற்றி யாரும் பேசவில்லை. அடியில் கிடக்கும் மிச்சத்தைக் கடலின் பகுதியாகக் கருதலாம் என்று ஒரு வரி சேர்த்தார்கள்.

மறுநாள் மாயாபுரியிலிருந்து ஒரு பழைய சாமான் வியாபாரி குதிரை வண்டியோடு வந்தார். பெயர் ஹர்பஜன் லால். மோதி பாக்கில் ஏற்றி, கோல் மார்க்கெட்டில் ஏற்றி, கப்பல் புறப்பட்டது. வெள்ளைச் சீருடையில் அழகர்சாமி வண்டிக்குப் பின்னால் நடந்தார். பலகையைத் தூக்கிக்கொண்டு பட்டாபியும் கூட நடந்தார்.

"வண்டியில் என்ன?" என்றார் சந்திப்பில் நின்ற போலீஸ்காரர் ஹிந்தியில்.

"கப்பல்" என்றார் அழகர்சாமி. போலீஸ்காரர் வழி விட்டார்.

மாயாபுரிக் கிடங்கில் அழகர்சாமி படிவத்தை நீட்டினார். 'பெற்றுக்கொண்ட பொருள்: போர்க்கப்பல் ஒன்று.' ஹர்பஜன் லால் படித்துக்கூடப் பார்க்கவில்லை. "அச்சா, கொடு" என்று கையெழுத்துப் போட்டார். கப்பல் என்று சொன்னால் கப்பல் என்று எழுத்தில் ஒப்புக்கொண்ட முதல் மனிதர்.

அழகர்சாமி ரசீதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். மணியை உள்ளங்கையால் ஒரு தரம் தொட்டார். பட்டாபியிடம் "வர்றேன் சார்" என்றார்.

வெள்ளைச் சட்டை தெருமுனை திரும்பி மறைகிறவரை பட்டாபி அங்கேயே நின்றார். பிறகு ஹர்பஜன் லாலை நெருங்கி, "அந்தத் தேக்குப் பலகை என்ன விலை?" என்று கேட்டார்.

பின்னால் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். திரும்பினார். கஸ்தூரிரங்கன் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் மூன்றாம் மாடி அதிகாரி, சால்வை போர்த்திய விஜயலக்ஷ்மி, விசாரணைக் குழுவின் தலைவர்.

"சீனியாரிட்டிப்படி நில்லும், ஓய்" என்றார் கஸ்தூரிரங்கன்.