பத்துப் பேர் வண்டியும் வல்லியின் இடமும்

மயிலாப்பூர், சென்னை-4
ஆடி மாதம், 1997

சிரஞ்சீவி சங்கரனுக்கு அண்ணா ராகவேந்திரன் அநேக ஆசீர்வாதம். இங்கே குழாயில் தண்ணீர் வராததைத் தவிர மற்றபடி எல்லோரும் சௌக்கியம். ஜாம்ஷெட்பூரில் நீயும் உன் ஆத்துக்காரியும் குழந்தைகளும் சௌக்கியமாக இருக்கக் கபாலியை வேண்டிக்கொள்கிறேன். மேலே தேதிக்குப் பக்கத்தில் மெட்ராஸ் என்று எழுதி அடித்திருப்பதைப் பொருட்படுத்தாதே. ஊர்ப்பெயரை மாற்றி ஒரு வருஷம் ஆகியும் கை கேட்கமாட்டேன் என்கிறது. இந்த இடத்தில் ‘நிற்க’ என்று எழுதுவது வழக்கம். ஆனால் இந்தக் கடிதம் முழுக்க முழுக்க உட்காருவதைப் பற்றியது என்பதால் அதை விட்டுவிட்டேன்.

முதலில் உனக்கு நன்றி சொல்ல வேண்டும். தம்பிக்கு அண்ணன் நன்றி சொல்வது நம் குடும்பத்தில் பழக்கமில்லை, ஆனாலும் சொல்கிறேன். எங்கே கிளம்பினாலும் அம்பாசடர் டாக்ஸியில் எல்லோரும் அடைத்துக்கொண்ட பிறகு உன் அக்கா சுந்தரவல்லிக்கு மட்டும் இடம் இல்லாமல் போவதும், அவள் வாசலில் நின்றுகொண்டு, “நீங்க போயிட்டு வாங்கோ, நான் ஆத்தைப் பாத்துக்கறேன்” என்று சிரித்த முகமாகச் சொல்வதும் எத்தனை வருஷமாக நடக்கிறது என்று நீ போன கடிதத்தில் கேட்டிருந்தாய். கல்யாணமும் வேண்டாமென்று நந்தனம் ஆபீஸே கதி என்று இருக்கும் பெண்ணைக் கூர்க்கா மாதிரி நடத்துகிறோமே என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டு உன் மன்னி கோமளம் சமையலறையில் போய் அழுதாள். அதே கடிதத்தில், மூன்று வரிசை சீட்டு உள்ள வண்டி ஒன்றை நல்லதாகப் பழையதில் பாருங்கள், பாதி என் பொறுப்பு என்றும் எழுதியிருந்தாயே, அந்த வரியைப் படித்ததும் அழுகை நின்றது. நீ நன்றாக இருக்க வேண்டும்.

வண்டி கிடைத்துவிட்டது. சிந்தாதிரிப்பேட்டையில் அப்துல் வஹீத் என்று ஒருவர், குடை வியாபாரம். தங்கமான மனுஷர். மூன்று பெண்களையும் கட்டிக்கொடுத்துவிட்டார், இப்போது அந்த வண்டியில் அவரும் சம்சாரம் சகினா அம்மாளும் மட்டும் போய் வருகிறார்களாம். “பின்னாடி காலியா ஆடிக்கிட்டு வர்ற சத்தம் கேட்டா வீட்டம்மாவுக்கு மனசு கஷ்டமாயிடுது சார், அதான் குடுக்கறேன்” என்றார். கம்பெனிப் பெயரை எழுதினால் நீ அங்கிருந்தே குறை சொல்வாய் என்பதால் எழுதவில்லை. முன்னால் ஜீப் மாதிரி இருக்கும், நடுவில் கார் மாதிரி இருக்கும், பின்னால் பஸ் மாதிரி இருக்கும். முன்னால் மூன்று பேர், நடுவில் மூன்று பேர், கடைசியில் எதிரும் புதிருமாக இரண்டு குட்டிப் பெஞ்சு போட்டு நாலு பேர், ஆகப் பத்துப் பேர் தாராளமாக உட்காரலாம். நாம் எட்டுப் பேர்தானே, விருந்தாளிக்கும் இடம் உண்டு.

நீ எழுதியபடியே சோதனை எல்லாம் செய்தேன். பெயிண்டுக்கு அடியில் பட்டி பூசி மறைத்திருப்பார்கள், காந்தத்தை வைத்துப் பார் என்று சொல்லியிருந்தாய். காந்தத்துக்கு எங்கே போவது? பேத்தி ஸஹானாவின் பென்சில் டப்பா மூடியில் ஒரு காந்தம் இருந்தது. அவள் தரமாட்டேன் என்று அழ, அவளையும் டப்பாவையும் சேர்த்தே தூக்கிக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தேன். கூட வந்த மெக்கானிக் வேலு, “இன்னா சார், பென்சில் டப்பாவ வெச்சிக்கினு வண்டி வாங்க வந்துகீறே” என்றான். இடது பக்கக் கதவில் ஓரிடத்தில் மட்டும் காந்தம் ஒட்டவில்லை. நான் கேட்கும் முன் வஹீதே, “அங்க ஒட்டாது சார், மாடு முட்டின எடம்” என்றார். விற்கிறவன் தானாகக் குறையைச் சொல்வதை நான் இந்த வயதில்தான் பார்க்கிறேன். எஞ்சின் புகைக்கு என் வெள்ளைக் கைக்குட்டையைப் பிடித்துப் பார்த்தேன். அது கறுப்பாகத்தான் ஆனது, ஆனால் வேலு, “டீசல் வண்டின்னா புகை வராம பன்னீரா வரும்?” என்று கேட்டுவிட்டான். ஒரே ஒரு குறை உண்டு. பின்கதவை வெளியிலிருந்துதான் திறக்க முடியும், உள்ளேயிருந்து திறக்கும் பிடி உடைந்துவிட்டது. மாற்றித் தருகிறேன் என்று வஹீத் சொல்லியிருக்கிறார். இதை இப்போது ஏன் எழுதுகிறேன் என்பது பிறகு தெரியும்.

ஆடியில் வண்டி வாங்கக் கூடாது, ஆனால் ஓட்டிப் பார்க்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. ஆகவே போன ஞாயிற்றுக்கிழமை வஹீதும் வேலுவும் வண்டியை நம் வாசலுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். குடும்பம் மொத்தத்தையும் ஏற்றிக்கொண்டு அடையாறு பாலத்தின் மேல் ஏறுகிறதா, பெசன்ட் நகர் வரை மூச்சு வாங்காமல் போகிறதா என்று பார்ப்பதாக ஏற்பாடு. பாரம் ஏற்றாமல் ஓட்டிப் பார்ப்பது பெண்ணைப் பாடச் சொல்லாமல் பெண் பார்ப்பது மாதிரி என்று நீயே எழுதியிருந்தாய். ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகுகாலம் வந்துவிடும், அதற்குள் படியிறங்கியாக வேண்டும். உனக்குத் தெரியாததா, நம் வீட்டில் நாலரைக்கு ராகுகாலம் என்றால் நாலே காலுக்குத்தான் தலைவாரவே ஆரம்பிப்பார்கள். கோமளம் பிளாஸ்கில் காப்பியும் டப்பாவில் தயிர்சாதமும் எடுத்துக்கொண்டாள், ஏதோ திருப்பதி போகிறமாதிரி. என் மாமனார் யார் கூப்பிடுவதற்கும் முன்னால் முன்சீட்டில் ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்து கதவையும் சாத்திக்கொண்டார். எண்பத்திரண்டு வயதில் அந்த வேகம் எனக்கு இல்லை. என் பிள்ளை ஸ்ரீதரும் நாட்டுப்பெண்ணும் கோமளமும் நடுவில். பேத்திகள் ஸஹானாவும் ஷ்ரேயாவும் பின்னால் பெஞ்சில். நான் முன்னால் வேலுவுக்கும் மாமனாருக்கும் நடுவில், கியரை முழங்காலுக்கு இடையில் வைத்துக்கொண்டு.

கிளம்பும்போது நான் பொறுப்பாகத் தலையை எண்ணினேன். வேலுவை விட்டுவிட்டு என்னையும் சேர்த்து எட்டு. கணக்கு சரியாக இருந்தது. “எடுப்பா” என்றேன். கிளம்பின பிறகு திரும்பிப் பார்க்கக் கூடாது, யாரும் பின்னாலிருந்து கூப்பிடவும் கூடாது என்பதுதான் நம் வீட்டு வழக்கமாயிற்றே, அதன்படி ஒருத்தரும் திரும்பவில்லை. வண்டியைப் பற்றி என்ன சொல்வது, சங்கரா, வெண்ணெய்தான். லஸ்ஸில் நின்று கிளம்பியது தெரியவில்லை. அடையாறு பாலத்தில் ஏறும்போது மட்டும் லேசாக முனகியது, ஆனால் அது வண்டியா என் மாமனாரா என்று கடைசிவரை தெரியவில்லை. கோமளம் இவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்து நாளாகிறது. “வல்லியை நெனச்சாத்தான் எனக்கு நிம்மதியா இருக்கு. இனிமே அவளை யாரும் வாசல்ல நிக்க வெக்க முடியாது” என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தாள். நானும் ஆமாம் ஆமாம் என்றேன். வல்லிக்குப் பிடித்த இடம் எது, மூன்றாவது வரிசையில் அவளுக்கு முதுகு வலிக்குமோ, ஒரு திண்டு போட்டுவிடலாமா என்று பெசன்ட் நகர் வரை இதே பேச்சு.

கடற்கரையில் வண்டியை நிறுத்தினான். நாங்கள் இறங்கினோம். பின்னாலிருந்து குழந்தைகள் கண்ணாடியைத் தட்டினார்கள். கோமளம் புடவையை உதறிக்கொண்டே, “வல்லி, அந்தப் பின்கதவைக் கொஞ்சம் திறந்து விடும்மா” என்றாள். யாரும் வரவில்லை. நானும், “வல்லி, குழந்தைகள் கத்தறது பார்” என்றேன். எந்தக் கதவானாலும் நம் வீட்டில் அவள்தானே திறப்பாள். கடைசியில் வேலு போய்த் திறந்தான். ஸஹானா குதித்தாள், ஷ்ரேயா குதித்தாள், அவர்களுக்குப் பின்னால் அப்துல் வஹீத் குனிந்து இறங்கினார். நான் எண்ணிய எட்டாவது தலை அவருடையது.

அந்த நிமிஷத்தை எழுதக் கை வரவில்லை. எவளை இனிமேல் விட்டுவிட்டுப் போகக் கூடாது என்று வண்டி பார்க்கக் கிளம்பினோமோ அவளையே விட்டுவிட்டு, அவளுடைய முதுகுக்குத் திண்டு போடுவது பற்றி ஆறு கிலோமீட்டர் பேசிக்கொண்டு வந்திருக்கிறோம். கோமளம் மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வஹீதுக்குக் கண் கலங்கிவிட்டது. “என்னாலதான் சார். நான் நடந்தே வந்திருப்பேன்” என்றார், சிந்தாதிரிப்பேட்டைக்காரர் பெசன்ட் நகருக்கு எதற்கு நடந்து வர வேண்டும் என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. வேலு, “பேஜார் ஆயிப்போச்சே சார். ஏறு, திருப்பிக்கலாம்” என்றான். யாரும் அலையில் கால்கூட நனைக்கவில்லை. மாமனார் இறங்கவே இல்லை என்பதால் அவரை ஏற்றும் வேலை மிச்சம்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் நெஞ்சே வெடித்துவிடும்போல் ஆயிற்று. வாசல் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு, மாமனாரின் சாய்வு நாற்காலியில் தனியாகக் கால் நீட்டிக் கிடந்தாள். வெறிச்சோடின வீட்டில் பயமாக இருந்திருக்கும் பாவம், ரேடியோவைத் தெருவுக்கே கேட்கும்படி வைத்திருந்தாள். கண் இரண்டும் சிவந்து போயிருந்தது, எவ்வளவு நேரம் அழுதாளோ. எங்களைப் பார்த்ததும் திடுக்கிட்டு எழுந்து, “என்னண்ணா, அதுக்குள்ள வந்துட்டேள்?” என்றாள். அந்தக் குரலில் இருந்த ஏமாற்றத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அடுப்பில் ஒழுங்காகச் சமைக்கக்கூட மனமில்லாமல், மாமனாருக்கு ஆகாது என்று நம் வீட்டுக்குள்ளேயே விடாத வெங்காயத்தில் ஏதோ நாலு பஜ்ஜி போட்டுத் தின்றிருக்கிறாள். “கேஸை மூடினோமான்னு பாக்க உள்ள போனேன், வர்றதுக்குள்ள வண்டி கெளம்பிடுத்து. பின்னாலேர்ந்து கூப்பிட்டா சகுனத் தடைன்னு நீதானே சொல்லுவே” என்றாள். நம் நன்மைக்காக வாயைத் திறக்காமல் நின்றிருக்கிறாள். இப்படியும் ஒரு பெண் உண்டா?

அன்றைக்கே வாசற்படியில் கற்பூரம் ஏற்றிக் கோமளம் சத்தியம் செய்துவிட்டாள். இனி வல்லி ஏறாமல் இந்த வண்டி தெருமுனைகூடத் தாண்டாது. கல்யாணமோ, கச்சேரியோ, காய்கறியோ, எங்கே போனாலும் வல்லி உண்டு, அதுவும் முன்சீட்டில் ஜன்னலோரம். மாமனாரே ஒப்புக்கொண்டார் என்றால் பார்த்துக்கொள். வல்லி மட்டும், “எதுக்கு மன்னி சத்தியமெல்லாம்” என்று முணுமுணுத்தாள், மனசு இன்னும் ஆறவில்லை. தினமும் ஆபீஸிலிருந்து வந்ததும் பால்கோவா கொடுத்துத் தேற்றிக்கொண்டிருக்கிறோம். ஆவணி பிறந்ததும் வண்டியை எடுத்துக்கொள்ளலாம், அதுவரை வேறு யாருக்கும் கொடுக்கமாட்டேன் என்று வஹீத் சொல்லிவிட்டார். உன் சம்மதம் மட்டும்தான் பாக்கி. உனக்கும், வஹீதுக்கும், வேலுவுக்கும், எங்களைத் திருப்பிக் கொண்டுவந்து விட்ட அந்த வண்டிக்கும் நான் நன்றி சொல்லாத நாளில்லை. குழந்தைகளுக்கு என் ஆசி. உன் ஆத்துக்காரியிடம் மன்னி விசாரித்ததாகச் சொல். உன் இரும்பு ஆலையும் எங்கள் பழைய இரும்பும் நீடூழி ஓடட்டும்.

இப்படிக்கு, அண்ணா
ராகவேந்திரன்

(ஒட்டித் தபாலில் போடச் சொல்லி வல்லியிடம் கொடுக்கிறேன்.)

பி.கு.: சங்கரா, கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும், வல்லி எழுதுகிறேன். ஒட்டச் சொல்லிக் கொடுத்த கடிதத்தைப் படிக்காமல் ஒட்ட நான் என்ன பசை டப்பாவா? கண் சிவந்தது வெங்காயம் நறுக்கினதால். கேஸ் முன்பே மூடித்தான் இருந்தது. வண்டி தெரு திரும்பும்வரை ஜன்னல் திரைக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சகுனத்தில் எனக்கு நம்பிக்கை வந்ததே அன்றைக்குத்தான். வீட்டில் எட்டுப் பேர், ஆபீஸில் நாற்பது பேர். டாக்ஸியில் இடம் போதாத நாளில்தான் எனக்கு இந்த வீடு கிடைக்கும். இஷ்டப்பட்டதைச் சமைப்பேன், சத்தமாகப் பாடுவேன். நான் பாடுவேன் என்பது உனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. இத்தனை வருஷம் என்னைப் பாவம் என்று நினைத்ததற்கு உங்கள் எல்லோருக்கும் நான் ரொம்பக் கடமைப்பட்டிருக்கிறேன், நினைக்காமல் இருந்திருந்தால் எப்போதோ டாக்ஸியில் திணித்திருப்பீர்கள். அண்ணா மனசு தங்கம், அவரிடம் இதைச் சொல்லிவிடாதே. பால்கோவாவும் நன்றாக இருக்கிறது. நீ ஒரே ஒரு உபகாரம் செய். பத்துப் பேர் வண்டி டீசல் குடிக்கும், ஏழு பேர் வண்டிதான் நம் குடும்பத்துக்குச் சரி என்று இஞ்சினீயர் தோரணையில் அண்ணாவுக்கு ஒரு கடிதம் எழுது. பின்கதவு மட்டும் உள்ளேயிருந்து திறக்கிறதா என்று நன்றாகப் பார்த்து வாங்கச் சொல். திறந்துவிட நான் இருக்கமாட்டேன்.