மூன்றாவது பாட்டும் ஆறாவது பாட்டும்

கூஹ்மோ,
நவம்பர் கடைசிச் சனிக்கிழமை

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி ரெய்மா ஹால்மே அவர்களுக்கு,

தைஸ்தோ கெம்ப்பைனென் எழுதுவது. ஓலுவில் தாங்களும் வீட்டில் அனைவரும் சுகமாக இருப்பீர்கள் என்றும், தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும் நம்புகிறேன். நாங்களும் சுகமே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. தங்களைச் சம்பந்தி என்று அழைக்கும் உரிமை இன்னும் எனக்கு இருக்கிறதா என்பதும் தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததை மாப்பிள்ளை ஓட்சோ தங்களிடம் எப்படிச் சொன்னாரோ. நடந்தது இதுதான். மத்தியானம் சாப்பிட வந்திருந்தார். சால்மன் சூப்பைப் பரிமாறிவிட்டு என் மனைவி அனெலி, கல்யாணத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் ஆடும் வால்ட்ஸுக்கு எந்தப் பாட்டைப் போடுவது என்று மண்டபத்தில் கேட்கிறார்கள் என்றாள். அவ்வளவுதான். என் மகள் ஹில்லா "மூணாவது" என்றாள், அதே நொடியில் மாப்பிள்ளை "ஆறாவது" என்றார். இருவரையும் நாலு வருஷத்துக்கு முன் சேர்த்துவைத்ததே 'நவம்பருக்கு அடியில்' என்ற அந்த மெட்டல் ஆல்பம்தான் என்பது தங்களுக்குத் தெரியும். ஏழு பாட்டு, ஒன்றைத் தவிர யாராவது சாகாத பாட்டு கிடையாது, பாடுகிறவருடைய குரல் அடைத்துக்கொண்ட சாக்கடைக் குழாயைப் போல இருக்கும்.

"மூணாவதா? அது புதுசா கேக்க வர்றவங்களுக்குப் பிடிக்கிற பாட்டு ஹில்லா," என்றார் மாப்பிள்ளை, ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே.

ஹில்லா கரண்டியைக் கீழே வைத்தாள். "நான் பதினாறு வயசுலேருந்து கேக்கறேன்."

"கேளு. யாரு வேணாம்னா."

"ஆறாவதுல பதினோராவது நிமிஷத்துல நம்பிக்கை வருது ஓட்சோ. நல்லா போயிட்டிருந்த பாட்டைக் கெடுத்ததே அதுதான்."

"அது நம்பிக்கை இல்லை, மழைச் சத்தம்."

"மழைக்கு அப்புறம் ஒருத்தன் பிழைச்சுக்கறானே? மூணாவதுல எல்லாரும் மூழ்கிடறாங்க. ஒருத்தர் பாக்கி இல்லை."

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு சூப்பைக் குடித்திருக்க வேண்டும். "கல்யாணத்துல எல்லாரும் மூழ்கற பாட்டு எதுக்கும்மா, ஒருத்தனாவது பிழைச்சுட்டுப் போகட்டுமே" என்றேன். "பாத்தியா, மாமாவுக்கே புரியுது" என்றார் மாப்பிள்ளை. ஹில்லா மோதிரத்தைக் கழற்றி வெண்ணெய்த் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மாப்பிள்ளை வாசலில் கிடந்த என் பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அது அவருக்கு மூன்று அளவு சிறியது. அந்தக் காலோடு ஓலு வரைக்கும் எப்படி வண்டி ஓட்டினார் என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. அவருடைய ஷூ இங்கேதான் இருக்கிறது. பார்சலில் அனுப்பினால் உறவை முறித்துக்கொண்டதாக ஆகிவிடுமோ என்று பயந்து அனுப்பாமல் வைத்திருக்கிறேன்.

அன்றிலிருந்து மாடியில் மூன்றாவது பாட்டு ஓய்வதே இல்லை. சாப்பாட்டு அறை விளக்கு ஆடிக்கொண்டே இருக்கிறது. மூன்று மணிக்கெல்லாம் வெளியே இருட்டிவிடுகிறது, உள்ளே அதற்கு முன்பே இருட்டிவிடுகிறது. "ஏங்க, உங்களை யாருங்க கேட்டா?" என்று அனெலி ஒரு நாளைக்கு மூன்று முறை கேட்டாள். நான் உண்டாக்கிய சண்டையை நானே தீர்க்கிறேன் என்று, திங்கட்கிழமை அந்தப் பாட்டுக்கு வால்ட்ஸ் ஆட முடியுமா என்று பார்க்க அனெலியை அடுப்படியில் நிறுத்தி ஆடினேன். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் ஒரு காபி குடித்துவிடலாம், அவ்வளவு மெதுவான தாளம். தூக்கிய காலை இறக்க முடியாமல் நின்றதில் அனெலிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. செவ்வாய்க்கிழமை தங்கை வீட்டுக்குப் போனவள் இன்னும் வரவில்லை. புதன்கிழமை அந்த ஆல்பத்தின் ரசிகர்கள் கூடிப் பேசும் இணையதளத்தில் 'பனிக்கலப்பை' என்ற பெயரில் சேர்ந்து, இதில் வால்ட்ஸுக்கு ஏற்ற பாட்டு எது என்று பணிவாகக் கேட்டேன். சாயங்காலத்துக்குள் இருநூறு பேர் பதில் எழுதினார்கள். நூறு பேர் மூன்றுக்காக ஆறை ஏசினார்கள், நூறு பேர் ஆறுக்காக மூன்றை ஏசினார்கள், ஆடுவது என்ற பேச்சை எடுத்ததற்காக எல்லோரும் சேர்ந்து என்னை ஏசினார்கள். கடைசியில் என்னை வெளியே தள்ளிவிட்டார்கள். அங்கே தள்ளும் பொறுப்பு யாருடையது என்று பார்த்தால், தங்கள் மகனுடையது. ஆள் நான்தான் என்று அவருக்குத் தெரியாது. தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.

வியாழக்கிழமை நடந்ததை யாரிடமும் சொல்லவில்லை, தங்களிடம் மட்டும் சொல்கிறேன். உருளைக்கிழங்கு வாங்கப் போனவன், கடை வாசலில் காரை நிறுத்திவிட்டு ஆல்பத்தை முதலிலிருந்து போட்டேன். இரண்டாவது பாட்டில் வார்த்தையே இல்லை. எதையோ எதன்மேலோ இழுத்துக்கொண்டே போகிற சத்தம்தான், ஆறு நிமிஷம். முப்பத்தொரு வருஷம் சாலையில் பனியை ஒதுக்கும் பனிக்கலப்பை வண்டி ஓட்டினேன் சம்பந்தி. ஒதுக்க ஒதுக்கப் பின்னாலேயே விழுந்துகொண்டிருக்கும். கலப்பை ரோட்டை உரசும் அந்தச் சத்தத்தை என்னைத் தவிர ஒருவர் காது கொடுத்துக் கேட்டிருப்பார் என்று நான் நினைத்ததே இல்லை. திரும்பத் திரும்பப் போட்டதில் கார் பேட்டரி இறங்கிவிட்டது. கடைக்கார ஐலி வந்து கண்ணாடியைத் தட்டினாள்.

"தைஸ்தோ, வீட்ல யாராவது தவறிட்டாங்களா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு, உருளைக்கிழங்கு இருக்கிறதா என்று கேட்டேன். அவள் நம்பவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் பாதிரியம்மா இனிப்பு ரொட்டியோடு வந்து உட்கார்ந்துவிட்டார்.

"தவறினது யாருங்க, உங்க அண்ணனா?"

"யாரும் இல்லைங்க. ரெண்டாவது பாட்டு."

மாடியிலிருந்து எல்லோரும் மூழ்கிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. அவர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்து ஜெபம் செய்துவிட்டுப் போனார்.

சம்பந்தி, மண்டபத்தில் தொண்ணூறு பேருக்குச் சாப்பாடு சொல்லியாகிவிட்டது, கேக்கும் சொல்லியாகிவிட்டது. பெண் மாடியில், மனைவி ஊரில் இல்லை, என்னால் இனி ஒன்றும் ஆகாது. பெரிய மனது பண்ணித் தாங்கள்தான் மாப்பிள்ளைக்கு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். எந்தப் பாட்டாக இருந்தால் என்ன, மொத்தமே பதினாலு நிமிஷம்தானே. பாட்டு முடிந்த பிறகு சேர்ந்து வாழப்போகிறவர்கள் அவர்கள். ஒரு பாட்டுக்காகக் கல்யாணத்தையே நிறுத்துகிறவர்கள் உலகத்தில் உண்டா?

தங்கள் துணைவியாருக்கு என் மரியாதையும், சின்ன மகளுக்கு என் ஆசிகளும். தங்கள் முழங்கால் விரைவில் குணமாகட்டும்.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும்
தைஸ்தோ கெம்ப்பைனென்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது மாப்பிள்ளை வந்துவிட்டார். ஹில்லா இறங்கி வந்தாள். அடுப்படியில் இருவரும் இருபது நிமிஷம் பேசினார்கள், கையைக் கோத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். மூன்றும் இல்லை, ஆறும் இல்லை, ஐந்தாவதாம். "அஞ்சாவதுல எல்லாரும் மூழ்கறாங்க மாமா, மழையும் இருக்கு" என்றார். நல்ல மனநிலையில் இருக்கிறார்களே என்று, இரண்டாவதைப் போடலாமா என்று மெல்லக் கேட்டேன். ஒரு வாரமாகச் சிரிக்காத என் மகள் சிரித்தாள். "அது பாட்டே இல்லைப்பா, மைக்கைச் சரி பாக்கறாங்க" என்றாள். "அதை யாருமே கேக்கறதில்லை மாமா, தாண்டிப் போயிடுவாங்க" என்றார் மாப்பிள்ளை. ஆகவே மேலே எழுதிய எதையும் தாங்கள் பொருட்படுத்த வேண்டாம். யாருக்கும் நல்ல வார்த்தை சொல்ல வேண்டாம். இரண்டாவது பாட்டைத் தாண்டிப் போகிற வீட்டில் நான் பெண் கொடுப்பதாக இல்லை. கல்யாணம் நின்றது நின்றதுதான். இருவரும் தங்களுக்கு வணக்கம் எழுதச் சொன்னார்கள். அவர்களோடு நான் பேசுவதில்லை என்பதால் அதை எழுதவில்லை.