செடிகளுக்குப் போட்ட லீவு அட்டவணை

சகலையின் கார் வாசலுக்கு வர அரை மணி நேரம்தான் இருந்தது. தோட்டத்துச் செடிகளில் பேருக்குக்கூட ஒரு பூ இல்லை.

ஹெட்கிளார்க் திட்டமிடாத ஆள் இல்லை. ஆபீஸில் லீவு அட்டவணை போடுகிற அதே கையால், மாதத்துக்கு ஒரு செடி என்று பன்னிரண்டு செடிகளுக்கு முறை போட்டுச் சுவரில் ஒட்டியிருந்தார். வருஷம் முழுக்கப் பூக்கவேண்டிய பன்னிரண்டும் ஒரே வாரத்தில் பூத்துக் கொட்டிவிட்டு, சேர்ந்தாற்போல் லீவு போட்டுவிட்டன.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் சகலை மாதாமாதம் தன் தோட்டத்துப் பூக்களைப் படமெடுத்து அனுப்பி இவர் வயிற்றெரிச்சலைக் கிளப்பினார். இவரும் பூங்காவுக்குப் போய்ப் படமெடுத்து, "இன்னைக்கு நம்ம வீட்டுல" என்று அனுப்பினார். அதை நேரில் பார்க்கத்தான் இப்போது சகலையும் மச்சினியும் வருகிறார்கள்.

"உண்மையைச் சொல்லிடுங்களேன்," என்றாள் மனைவி.

"அப்புறம் உன் தங்கச்சி முகத்துல எப்படி முழிக்கிறது? நூல்கண்டு எங்க?"

கடையில் வாங்கி வந்த ரோஜாக்களைச் செடிகளில் கட்டினார். வெயிலில் அவை தலையைத் தொங்கப்போட்டன. தண்ணீர் தெளித்தார், முடிச்சு நழுவியது. இறுக்கினார், காம்பு ஒடிந்தது. கடைசியில் ஒரு குடையை விரித்து நட்டுவைத்தார்.

"குடை எதுக்கு சகலை?" வந்ததுமே கேட்டார் சகலை.

"வெயில் ஆகாது."

"ரோஜாவுக்கா? இலை செம்பருத்தி மாதிரி இருக்கே?"

"ஒட்டுச்செடி." ஹெட்கிளார்க் குடையை இன்னும் கொஞ்சம் சாய்த்தார்.

"அடேயப்பா! எனக்கு ஒரு கிளை வெட்டிக் குடுங்க."

"இன்னொரு நாள்..." என்று இவர் இழுப்பதற்குள் சகலையே கிளையைப் பிடித்துவிட்டார். பூ கழன்று, நூலோடு ஊசலாடி, அவர் செருப்பின் மேல் விழுந்தது.

இருபது வருஷமாக மூத்த மாப்பிள்ளை என்று மாமனார் வீட்டில் ஹெட்கிளார்க் கட்டிக் காத்த மரியாதை காலடியில் கிடந்தது. நாளைக்கு அந்த வீடே சிரிக்கும்.

"மன்னிச்சிடுங்க," என்றார் தலை குனிந்தபடி. "அனுப்பின படமெல்லாம்கூடப் பூங்காவுல எடுத்ததுதான். எனக்கே வெக்கமா இருக்கு."

சகலை மெல்லக் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். மச்சினிதான் குனிந்து பூவை எடுத்து, நூலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்ன மாமா நீங்க, வெள்ளை நூல்லயா கட்டுவாங்க? எங்க தோட்டத்துல பச்சை நூல் இல்லன்னா இவரு என்னைப் பூ கட்டவே விடமாட்டாரு!"